அங்காலை நாடும் இங்காலை நாடும்

வாழ்நாளில் ஒரு கிலோ வெங்காயம் விற்றிருக்க மாட்டார். கடைக்குப் போனால் வண்டியைத் தள்ளுவதோடு அவர் வேலை முடிந்தது. விலை பார்ப்பதும், அழுகலை ஒதுக்கி நல்லதைப் பொறுக்குவதும் மனைவி. ஆனால் ஆளை விசாரித்துப் பாருங்கள், இரண்டு நாடுகளுக்கு நடுவே கப்பல் விட்டுக்கொண்டிருப்பார். கப்பல் இன்னும் புறப்படவில்லை, அவ்வளவுதான். இந்த இனத்துக்கு இருநாட்டு அண்ணை என்று பெயர். பெயர் வைத்தது நான். இனம் எனக்கு முந்தியே இருந்தது. ஜெர்மனியில் நம்மவர்கள் கூடுகிற எந்த மண்டபத்திலும் ஒருவராவது இருப்பார். உங்களுக்கும் ஒருவரைத் தெரியும். தெரியாதா? நல்லது. கடைசிவரை வாசியுங்கள்.

கண்டுபிடிப்பது சுலபம். பிறந்தநாள் விழாவில் கேக் வெட்டி முடிந்து, பாட்டுச் சத்தத்தைக் குறைத்து, சனம் சாப்பாட்டுக்கு வரிசையாக நிற்கத் தொடங்குகிற நேரம் பார்த்து, கையில் தட்டோடு தனியாக நிற்கும் ஒரு புது முகத்தைத் தேர்ந்தெடுத்து, மெல்ல நடந்து வந்து, கோழிக்கறியைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லி, கதிரை ஒன்றை இழுத்துப் போட்டு, வழியை அடைத்து உட்கார்ந்து, அதற்குப் பிறகுதான் குரலைத் தாழ்த்துவார். புது முகமாக இருக்க வேண்டும் என்பது முக்கியம். பழைய முகங்களெல்லாம் அவரைக் கண்டதும் பிள்ளைக்குத் தண்ணீர் எடுக்கப் போய்விடும்.

நான் அறிந்த இருநாட்டு அண்ணை கெல்சென்கிர்ச்சன் லோறன்ஸ். பொதிகள் அடுக்கும் லாகர், அதாவது கிடங்கு, ஒன்றில் வேலை. எந்தப் பொதி எங்கே போகிறது என்று பார்த்துப் பார்த்தே உலக வர்த்தகம் பிடிபட்டுவிட்டதாக அவர் சொல்வார். அன்று அகப்பட்டவர் சென்னையிலிருந்து வந்து கணினி நிறுவனத்தில் சேர்ந்த உதய். பாவம், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பிறந்தநாள் என்று மரியாதைக்கு வந்தவர்.

"தம்பி, இரண்டு சின்ன நாடு. உலகத்திலை ஒருத்தரும் அவையோடை வியாபாரம் செய்யினமில்லை. வங்கி இல்லை, கப்பல் இல்லை, கடன் குடுக்க ஆள் இல்லை. இப்ப இந்த இரண்டும் தங்களுக்கை குடுத்து வாங்கினால்?"

"எந்த கண்ட்ரி சார்?"

"பேர் சொல்ல ஏலாது." சுற்றுமுற்றும் பார்த்தார். பக்கத்தில் இருந்தது ஒரு பலூன். "வெளியிலை போனால் ஆரும் முந்தியிடுவாங்கள். ஒண்டு அங்காலை நாடு, மற்றது இங்காலை நாடு. வடிவாய் விளங்கிக்கொள்ளுங்கோ."

"சரி சார். டாலர் இல்லாம எப்படி பே பண்ணுவாங்க?"

லோறன்ஸ் காத்திருந்த கேள்வி. நாற்காலிக்கு அடியிலிருந்து பெட்டியை எடுத்தார். ஆம், பிறந்தநாள் விழாவுக்குப் பெட்டியோடு வருகிற ஆள் அவர். வழக்கறிஞர்கள் வைத்திருக்கிற மாதிரி, இரண்டு பக்கமும் பூட்டு வைத்த கறுப்புப் பெட்டி. உள்ளே ஒரு துண்டுக் கம்பளி, ஒரு பளிங்குக் கல், ஒரு முழம் தும்புக் கயிறு, ஒரு பொட்டலம் சிரட்டைக் கரி. கம்பளியும் கல்லும் அங்காலை நாட்டின் மாதிரி; கயிறும் கரியும் இங்காலை நாட்டினுடையவை. நான்கையும் உதயின் மடியில் வரிசையாக வைத்தார். மடியில் கரியும் கையில் பிரியாணியும் வைத்திருக்கிற மனிதன் எழுந்து ஓட முடியுமா?

இதெல்லாம் எங்கே படித்தார் என்று நீங்கள் கேட்கக்கூடும். படிப்பதா? அவர் அனுபவசாலி. எண்பதுகளில் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கி, கிழக்கு பெர்லினிலிருந்து மேற்கு பெர்லினுக்கு ரயிலேறிய நம்மவர்களில் அவரும் ஒருவர். மற்றவர்களுக்கு அந்தப் பயணம் பயமும் குளிரும். லோறன்சுக்கு அது பட்டம். "அங்காலை ஒரு நாடு, இங்காலை ஒரு நாடு. நடுவிலை றெயினிலை இருந்தது ஆர்?" என்று கேட்டுவிட்டு நிறுத்துவார். நீங்கள்தான் என்று நாம் சொல்ல வேண்டும். சொன்னால்தான் அடுத்த வசனம் வரும்.

இந்த இனத்துக்கு ஒரே ஒரு எதிரி உண்டு: சகலன். லோறன்ஸின் மனைவி கொறற்றி. கொறற்றியின் தங்கை எவ்லின், வுப்பர்டாலில் இருக்கிறாள். எவ்லினின் கணவர் யாகோப்பு. லோறன்ஸ் கொறற்றி தம்பதியின் வெள்ளி விழாவில், கேக்குக்கும் சாப்பாட்டுக்கும் நடுவே ஒலிவாங்கியைப் பிடித்த லோறன்ஸ், மனைவிக்கு ஒரு வசனமும் இரு நாடுகளுக்கு அரை மணி நேரமும் ஒதுக்கிப் பேசி முடித்தபோது, யாகோப்பு இருந்த இடத்திலிருந்தே கையை உயர்த்தினார்.

"அண்ணை, ஒரு சின்னச் சந்தேகம். வெயில் நாட்டுக்குக் கம்பளி எதுக்கு? மலை நாட்டுக்குத் தும்புக் கயிறு எதுக்கு? ஒருத்தருக்கும் வேண்டாத சாமானை ஒருத்தருக்கொருத்தர் குடுக்கிறதெண்டால் அவையே குடுத்துக்கொள்ளுவினம். நடுவிலை நீங்கள் எதுக்கு?"

மண்டபம் சிரித்தது. கொறற்றியும் சிரித்தாள் என்று சிலர் சொல்கிறார்கள். அவளோ தான் இருமினதாகச் சொல்கிறாள்.

அன்றோடு பொருளாதாரத் தடை. இவர் அவர் வீட்டுப் படி ஏறுவதில்லை, அவர் இவர் முகம் பார்ப்பதில்லை. கணவன் போகாத வீட்டுக்கு மனைவி தனியாகப் போனால் போகும்போது ஒரு விளக்கமும் வரும்போது ஒரு விளக்கமும் கொடுக்க வேண்டும். அதற்குப் போகாமலே இருந்துவிடலாம். போனில் கதைத்தால் இரண்டு பக்கமும் பக்கத்துக் கதிரையில் ஒரு காது உட்கார்ந்திருக்கும். இரு குடும்பமும் தங்கள் தங்கள் ஊரில் கதவைச் சாத்திக்கொண்டன. அக்காவும் தங்கையும் மட்டும் என்ன செய்வது?

அவர்கள் வியாபாரம் செய்தார்கள். பெயர் வைக்காமல் செய்தார்கள்.

துருக்கிக் கடை யோகட் வாளியை உங்களுக்குத் தெரியும். யோகட் ஒரு கிழமையில் முடிந்துவிடும், வாளி ஒரு தலைமுறைக்கு உழைக்கும். அப்படி ஒரு வாளி. மாதத்தில் ஒரு ஞாயிறு எஸ்ஸனில் தமிழ்ப் பூசை. பூசை முடிந்து வெளியே வந்தால் லோறன்ஸ் தேவாலயத்தின் இந்தப் பக்கத்து மரத்தடியில், யாகோப்பு அந்தப் பக்கத்து மரத்தடியில். நடுவே கார் நிறுத்துமிடத்தில், காரின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அக்காவும் தங்கையும். இந்த மாதம் கொறற்றி வறுத்து இடித்த கறித்தூளோடு வாளி வுப்பர்டாலுக்குப் போகும்; அடுத்த மாதம் எவ்லின் சுட்ட பயத்தம் பணியாரத்தோடு கெல்சென்கிர்ச்சனுக்குத் திரும்பி வரும். ஒருமுறை வாளி விளிம்புவரை தூள் போயிற்று. திரும்பி வந்தபோது அடியில் நாலு தேசிக்காய் மட்டும் கிடந்தது, சின்ன எலுமிச்சைகள். இருக்கட்டும். அக்கா ஒன்றும் கேட்கவில்லை, தங்கை ஒன்றும் சொல்லவில்லை. ஒரே ஒரு சட்டம்தான்: வாளி வெறுமையாகத் திரும்பக் கூடாது. அதை யாரும் எழுதி வைக்கவில்லை. நம் வீடுகளில் அதை யார் எழுதுவார்கள்? வெறும் பாத்திரம் திருப்பிக் கொடுத்தால் உறவு இத்தோடு போதும் என்று அர்த்தம்; அது பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்.

வாளி கைமாறுகிற அந்தக் கால் மணி நேரத்தில்தான் அவர்கள் எல்லாம் கதைத்தார்கள். முழங்கால் வலி, மகனின் காதல், சீனி வருத்தத்துக்கு டொக்டர் மாற்றிக் கொடுத்த குளிசை. அந்தக் கால் மணி நேரம்தான் அவர்களிடம் மிஞ்சியிருந்தது.

ஒருநாள் லோறன்ஸ் குளிர்சாதனப் பெட்டியில் பணியாரம் தேடியபோது வாளியின் கதை வெளியே வந்தது. அவர் கோபப்படுவார் என்று கொறற்றி பயந்தாள். அவளுக்கு இந்த இனத்தைப் பற்றி இன்னும் முழுதாகத் தெரியவில்லை. லோறன்ஸின் முகம் மலர்ந்தது.

"இஞ்சாரும், இது இருதரப்பு வர்த்தகமல்லோ."

"இது பணியாரம்."

"காசில்லாமல், வங்கியில்லாமல், தடைக்கு நடுவிலை. நான் சொன்னது அப்பிடியே நடக்குது, என்ரை வீட்டுக்கையே. ஆனால் ஒரு ஃபெர்ட்ராக் இல்லை."

ஒப்பந்தம் இல்லாத வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டு ஓர் இருநாட்டு அண்ணையால் சும்மா இருக்க முடியுமா? பெயர் தெரியாத இரண்டு நாடுகளுக்காக மனதுக்குள் சேர்த்து வைத்திருந்த சட்டங்கள் அத்தனையும் அந்த யோகட் வாளியின் மேல் இறங்கின. தூளுக்குத் தரம் வந்தது. பணியாரத்துக்கு அளவு வந்தது. பருவகாலம் வந்தது, எடைக் குறைவு வந்தது, போக்குவரத்தில் நொறுங்கினதற்கு யார் பொறுப்பு என்ற பிரிவு வந்தது. சமையலறைத் தராசைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்து, மனைவியைப் பக்கத்தில் இருத்தி, ஞாபகத்திலிருந்து ஒவ்வொரு வாளியாகக் கேட்டார். அவளுக்கு ஞாபகம் இருந்தது; ஆனால் அவள் சொன்னதெல்லாம் அன்றைக்கு எவ்லினுக்குத் தடிமனும் தும்மலும், அன்றைக்கு மழை, அன்றைக்கு அவள் புதுச் சப்பாத்து போட்டிருந்தாள். இதை வைத்து என்ன கணக்குப் பார்ப்பது? இருந்தும் பார்த்தார்.

"எங்கடை பக்கம் நட்டம்," என்றார் கடைசியில். "நாலு தேசிக்காய். ஒரு வாளித் தூளுக்கு நாலு தேசிக்காய். எங்கடை லாகரிலை எறியிற தேசிக்காயே அதைவிடக் கூட."

"சரி, விடுங்கோ."

"விட ஏலாது. சமன்படுத்த வேணும்."

அவள் விட்டுவிட்டாள். சொல்லிச் சொல்லிச் சலித்த வீட்டில் கேட்டுக்கொண்டிருப்பது ஒரு வேலை இல்லை. அவர் எப்போதும்போலக் கதைப்பதோடு நிற்பார் என்று நம்பினாள். இத்தனை வருஷத்தில் கப்பல் ஒன்றும் புறப்படாததைக் கண்டவள் அல்லவா? இந்தமுறை புறப்பட்டது.

அடுத்த பூசைக்கு வாளியில் தூள் நிரப்பி, மூடியை அழுத்தி, வாசலில் வைத்தாள். வாளியைக் காருக்குக் கொண்டுபோனவர் லோறன்ஸ். போகும் வழியில் கட்டடத்துக்குக் கீழே, தன் மாதிரிப் பொருட்களை அடுக்கி வைத்திருக்கும் கெல்லரில் இறங்கி ஏறினார். கொறற்றி பாடகர் குழு. பூசை முடிந்து பாட்டுப் புத்தகங்களை அடுக்கிவிட்டு அவள் வெளியே வருவதற்குள் லோறன்ஸ் வாளியைத் தூக்கிக்கொண்டு, யாகோப்பு நின்ற மரத்தடியைப் பார்க்காமல் தாண்டி, எவ்லினின் கையில் கொடுத்துவிட்டார்.

"பிள்ளை, இந்தமுறை எங்கடை பக்கத்தாலை ஒண்டும் இல்லை. குறை நினையாதை. கணக்குச் சமன்."

எவ்லின் மூடியைத் திறந்தாள். உள்ளே கழுவித் துடைத்து, பாத்திரம் கழுவும் திரவத்தின் எலுமிச்சை மணத்தோடு, வெறுமை.

கொறற்றி வெளியே வந்தபோது அவர்களின் கார் போய்விட்டது. யாகோப்புக்கு அவசர வேலை என்று நினைத்தாள். அன்று மாலை போன் எடுத்தாள், அடித்தது, எடுக்கவில்லை. மறுநாளும் இல்லை. அடுத்த மாதம் எஸ்ஸனில் அந்தப் பக்கத்து மரத்தடியில் யாரும் இல்லை. தான் என்ன பிழை விட்டோம் என்று கொறற்றி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். சப்பாத்தைப் பற்றி ஏதும் சொன்னேனா? மகனின் காதலை யாரிடமும் சொன்னேனா? திருப்பலிப் பாட்டில் ஒரு வரியைத் தவறவிட்டாள். பாடகர் குழுவில் அது பெரிய விஷயம்.

பிறகு ஒருநாள் செத்தல் மிளகாய் எடுக்கக் கெல்லருக்குப் போனவள், கம்பளிக்கும் கரிக்கும் நடுவே, முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் பையில், தன் தூளைத் தானே கண்டுபிடித்தாள். லோறன்ஸைக் கீழே கூப்பிட்டாள்.

"இதென்ன?"

"இருப்பு. அவசரத்துக்கு வைக்கிறது. எல்லா நாடும் வைக்கும்."

"அப்ப வாளியிலை என்ன போனது?"

"சமன்படுத்தி அனுப்பினனான்."

"வெறுமையாயோ?"

"கழுவித்தான்."

கொறற்றி சத்தம் போடவில்லை. சத்தம் போடுகிற கட்டம் எல்லாம் வெள்ளி விழாவுக்கு முந்தியே முடிந்துவிட்டது. மேலே போய் அந்தக் கறுப்புப் பெட்டியை எடுத்துவந்தாள். கம்பளியையும் கல்லையும் கயிற்றையும் கரியையும் சலவை இயந்திரத்தின் மேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். தூள் பையைப் பெட்டிக்குள் வைத்து இரண்டு பூட்டையும் அழுத்தினாள்.

"எங்கை போறீர்?"

"வுப்பர்டாலுக்கு."

"நில்லும், நான் காரிலை கொண்டுபோய்..." பாதியில் நிறுத்தினார். யாகோப்பின் படி நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

"வேண்டாம். றெயினிலை போறன். இரண்டு நாட்டுக்கு நடுவிலை நீங்கள் மட்டுமோ றெயினிலை போனது?"

பெட்டி பூட்டியிருந்தாலும் வாசனைக்குப் பூட்டு இல்லை. எதிரில் இருந்த ஜெர்மன் பெண் இரண்டு தரிப்பிடத்துக்குப் பிறகு இடம் மாறி உட்கார்ந்தாள். கொறற்றி கவலைப்படவில்லை. அவளுக்கு இருந்த கவலை வேறு: கதவைத் திறப்பாளா?

கதவைத் திறந்தது யாகோப்பு. முதலில் பெட்டியைப் பார்த்தார். அந்தப் பெட்டியைத் தெரியாதவர்கள் வடக்கு ரைன் பக்கத்தில் குறைவு.

"ஓ. அண்ணை இப்ப முகவரும் அனுப்பத் தொடங்கிட்டாரோ?"

"தள்ளும், நான் உள்ளை போக."

"போங்கோ, போங்கோ. ஆனால் ஒண்டு சொல்லுறன் அக்கா. பாக்கப்போனால் எங்கடை பக்கத்தாலைதான் கூட வந்தது. போன வருஷம் பணியாரம் மட்டும்..."

"நீரும் எண்ணினனீரோ?"

"எண்ணேல்லை. பாத்துக்கொண்டிருந்தனான்."

பார்த்தீர்களா? நாம் யாகோப்பை நல்லவர் பக்கம் வைத்திருந்தோம். மண்டபத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட புத்திசாலி. இந்த இனத்தைக் கேலி செய்வதற்கும் இந்த இனமாக இருப்பதற்கும் நடுவே சுவர் ஒன்றும் கிடையாது.

எவ்லின் சமையலறையில் இருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"வெறும் வாளி அனுப்பிப்போட்டு இப்ப பெட்டியோடை வாறியள்."

"நான் அனுப்பேல்லை."

"தெரியும்."

"தெரியுமோ?"

"வீட்டை வந்து பாத்தாப் பிறகு விளங்கினது. நீங்கள் கழுவினால் விளிம்பிலை மஞ்சள் நிக்கும். உது லாகர்க்காரன் கழுவின கழுவல்."

"விளங்கினால் ஏன் போன் எடுக்கேல்லை?"

எவ்லின் அடுப்பைத் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்த அடுப்பு. "எடுத்தால் போனிலை கதைச்சு முடிச்சிருப்பியள். வந்திருக்க மாட்டியள்."

கொறற்றி பெட்டியை மேசையில் வைத்து உட்கார்ந்தாள். சமையலறையிலிருந்து பார்த்தால் வரவேற்பறை தெரியும். ஜன்னல் ஓரத்தில், சூடேற்றிக்குப் பக்கத்தில், பெரிய சாடி ஒன்றில் இடுப்பளவு தேசி மரம். இலைகளை ஈரத் துணியால் துடைத்துப் பளபளப்பாக வைத்திருந்தாள். காய் ஒன்றும் இல்லை.

"இதென்ன, மரம் வச்சிருக்கிறாய், சொல்லவே இல்லை."

"சொல்ல என்ன இருக்கு. எட்டு வருஷம் வளத்து ஒருக்காத்தான் காய்ச்சது. நாலு. அண்டைக்கு வாளியிலை வந்ததல்லோ."

அந்த நாலு தேசிக்காயில் ஒன்றையும் கொறற்றி ருசி பார்த்திருக்கவில்லை. லோறன்ஸ் மீனுக்குப் பிழிந்துவிட்டு, சாறு காணாது என்று சொன்னது மட்டும் ஞாபகம் வந்தது. எவ்லின் தேத்தண்ணி வைத்தாள். யாகோப்பு வாசலில் வந்து நின்று, தனக்கும் கிடைக்குமா என்று பார்த்து, கிடைக்காது என்று தெரிந்து, போய்விட்டார்.

திரும்பும்போது வாளி கொறற்றியின் மடியில் இருந்தது. உள்ளே என்ன இருந்தது என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் எண்ணுவீர்கள். பெட்டி வுப்பர்டாலிலேயே தங்கிவிட்டது; எவ்லின் அதில் வெங்காயம் வைத்திருக்கிறாள். இப்போது மாதத்தில் ஒரு சனிக்கிழமை இவள் அங்கே போவாள், இல்லையென்றால் அவள் இங்கே வருவாள். ஒருவரிடமும் விளக்கம் கொடுப்பதில்லை. விளக்கம் கேட்கக்கூடிய இரண்டு பேரும் எதற்கோ பயந்து கேட்பதில்லை.

லோறன்ஸ் திருந்தினாரா? இந்த இனம் திருந்துமா? பெட்டி இல்லாததால் மாதிரிப் பொருட்களைத் துணிப்பையில் கொண்டுவருகிறார், அவ்வளவுதான் மாற்றம். போன கிழமை ஒரு கல்யாண மண்டபத்தில், தட்டோடு தனியாக நின்ற ஒரு புது மாப்பிள்ளைப் பொடியனுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு, "இரண்டு நாடு தம்பி, கதைபேச்சே இல்லாமல் இருந்தது. இண்டைக்கு ஆக்களே போய்வருகினம். நடுவிலை நிண்டது ஆர்?" என்று கேட்டுவிட்டு நிறுத்தியிருந்தார். மண்டபத்தின் மறு மூலையில் யாகோப்பு இன்னொருவரிடம், அந்த இரண்டு நாட்டில் ஒன்றுக்குத்தான் நட்டம் என்று விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார்.

நீங்கள் அப்படி இல்லை. நீங்கள் பெட்டி கொண்டு திரிவதில்லை, அடுத்தவன் மடியில் கரி வைப்பதில்லை, வாளியைக் கழுவி அனுப்புகிற அளவுக்கு மோசமும் இல்லை. எனக்குத் தெரியும். ஒரு சின்னச் சந்தேகம் மட்டும். ஒரு வாளித் தூளுக்கு நாலு தேசிக்காய் என்று முதலில் வாசித்த இடத்தில், ஒரு கணம் நின்று, தங்கைக்காரி கொஞ்சம் கை இறுக்கம்போல என்று நினைத்தது யார்?

நானும் மரத்தைப் பற்றி அப்போது சொல்லவில்லைதான். உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.